டொமைன் புதுப்பிக்கச் சொல்லி வரும் போலி நோட்டீஸ்: பணம் கட்டும் முன்பும், கட்டிவிட்ட பிறகும்

உங்கள் டொமைனை, அதாவது இணையத்தில் உங்கள் வெப்சைட்டுக்கான பெயரை, எந்தக் கம்பெனியில் வாங்கினீர்கள்? கேட்டவுடன் பெயரைச் சொல்லத் தெரிந்தால் இந்தக் கட்டுரையில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது. நான் பார்த்த சிறு வியாபாரிகளில் பலர் "வெப்சைட் செஞ்சு கொடுத்த தம்பிதான் எல்லாம் பார்த்துக்கிட்டார்" என்றுதான் சொல்வார்கள். போலி நோட்டீஸ் அனுப்புகிறவர்களின் பிழைப்பு அந்தப் பதிலில்தான் நடக்கிறது.

சிவகாசியில் அச்சகம் நடத்தும் நண்பருக்கு இப்படித்தான் ஆனது. ஆனி மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. மேலே அவருடைய டொமைன் பெயர், அடுத்து காலாவதியாகும் தேதி, சிவப்பு எழுத்தில் 'இறுதி அறிவிப்பு', பணம் கட்ட ஒரு பட்டன். பெயரும் சரி, தேதியும் சரி. கார்டில் கட்டிவிட்டார். அப்புறம் உண்மையான கம்பெனியிலிருந்து வந்த நினைவூட்டல்களை, 'அதான் கட்டியாச்சே' என்று திறக்காமலே விட்டுவிட்டார். ஆடி 18-க்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போட்டு ஆர்டர் பிடிக்கும் நேரத்தில் வெப்சைட் நின்றது. அந்த டொமைனில் இயங்கிய மின்னஞ்சல் முகவரிகளும் நின்றன. வெளியூர் ஏஜெண்டுகள் அனுப்பிய மெயில் எல்லாம் திரும்பிப் போனது. அவர் கட்டிய பணம் டொமைனுக்கானதே இல்லை. தேடுபொறிகளில் வெப்சைட் பெயரைச் சேர்ப்பதாகச் சொல்லும் ஏதோ ஒரு சேவைக்கானது. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் அப்படி எழுதியும் இருந்தது.

போன பணத்தைவிட, உண்மையான புதுப்பித்தலைத் தவறவிட்டதுதான் அவருக்குப் பெரிய அடி. இந்த மோசடியில் எல்லோரும் கவனிக்க மறப்பது அதுதான்.

உங்களிடம் பணம் கேட்க யாருக்கு உரிமை உண்டு?

டாட் காம் பெயர்களின் மொத்தப் பட்டியலை வைத்திருப்பது வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனம். டாட் இன் பெயர்களுக்கு நம் நாட்டின் நிக்ஸி. இவர்கள் 'ரெஜிஸ்ட்ரி'. உங்களுக்கு நேரடியாக விற்பவர் 'ரெஜிஸ்ட்ரார்'. அந்த ரெஜிஸ்ட்ராரிடம் எடுத்துச் சில்லறையாக விற்பவர் 'ரீசெல்லர்'. வெப்சைட்டை வைக்க இணையத்தில் இடம் தரும் நம் ஊர் ஹோஸ்டிங் கம்பெனிகளில் பல இந்தக் கடைசி வகை. டாட் காம், டாட் நெட் போன்ற பொதுப் பெயர்களுக்கு விதி வகுப்பது 1998-இல் தொடங்கப்பட்ட ஐகான் அமைப்பு. அது டொமைன் வைத்திருப்பவர்களுக்கு பில் அனுப்புவதில்லை. வெரிசைனும் நிக்ஸியும்கூட உங்களுக்குப் புதுப்பித்தல் பில் அனுப்ப மாட்டார்கள்.

ஆக, உங்களிடம் புதுப்பித்தல் பணம் கேட்கக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: நீங்கள் வாங்கிய ரெஜிஸ்ட்ரார் அல்லது அவருடைய ரீசெல்லர். ஐகான் விதிப்படி ரெஜிஸ்ட்ரார் காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பு ஒரு முறை, ஒரு வாரம் முன்பு ஒரு முறை நினைவூட்ட வேண்டும். புதுப்பிக்காமல் போனால், காலாவதியான 5 நாளுக்குள் மறுபடியும் சொல்ல வேண்டும்.

நோட்டீஸ்கள் எந்தெந்த வேடத்தில் வருகின்றன

மிகப் பழைய வேடம், ரெஜிஸ்ட்ராரை மாற்ற வைக்கும் கடிதம். 'டொமைன் ரெஜிஸ்ட்ரி ஆஃப் அமெரிக்கா' என்ற நிறுவனம் இதற்குப் பெயர் போனது. அரசு அலுவலகம் போலத் தோன்றும் பெயர், பில் போன்ற தாள், பணம் அனுப்பத் தனி உறை. கையெழுத்துப் போட்டுப் பணம் அனுப்பியவர்கள் தங்கள் டொமைனைப் புதுப்பித்ததாக நினைத்தார்கள். உண்மையில் பழைய ரெஜிஸ்ட்ராரை விட்டு இவர்களிடம் மாறுவதற்குச் சம்மதம் கொடுத்திருந்தார்கள். விலையும் மற்ற இடங்களைவிட மிக அதிகம். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமான எஃப்டிசி வழக்குப் போட்டு, 2003 டிசம்பரில் அந்த நிறுவனத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. இப்படி ஏமாற்றுவது தடை செய்யப்பட்டதோடு, 50,000 பேர் வரை பணம் திரும்பப் பெறவும் அதில் வழி செய்யப்பட்டது.

அத்தோடு கடிதங்கள் நிற்கவில்லை. வேறு வேறு பெயர்களில், வேறு நாடுகளிலும் வந்துகொண்டே இருந்தன. 2014 ஜூலையில் ஐகான் அமைப்பு, இந்தக் கடிதங்களுக்குப் பின்னால் இருந்த 'பிராண்டன் கிரே இன்டர்நெட் சர்வீசஸ்' என்ற ரெஜிஸ்ட்ராரின் அங்கீகாரத்தை 90 நாள் நிறுத்திவைத்தது. தனக்குக் கீழே உள்ள ரீசெல்லர் ஏமாற்றினாலும் ரெஜிஸ்ட்ரார் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்பது அப்போது தெளிவானது. கீழே புகார் பற்றிச் சொல்லும்போது இது உதவும்.

இரண்டாவது வேடம், சிவகாசி நண்பருக்கு வந்தது. 'டொமைன்', 'காலாவதி' என்ற சொற்கள் பெரிய எழுத்தில் இருக்கும். விற்பதோ தேடுபொறிச் சேவை. இதே வேலையைச் செய்த டொரன்டோ கும்பல் ஒன்றின் மீது எஃப்டிசி நடவடிக்கை எடுத்தது. 2010-இல் முடிந்த அந்த வழக்கில் 42 லட்சம் டாலருக்கும் மேலான தொகைக்குத் தீர்ப்பு வந்தது.

மூன்றாவது, சீனாவிலிருந்து வருவதாகச் சொல்லும் மின்னஞ்சல். 'உங்கள் நிறுவனப் பெயரில் டாட் சிஎன், டாட் ஏசியா பதிவு செய்ய ஒருவர் விண்ணப்பித்திருக்கிறார், நீங்கள் ஆட்சேபிக்கிறீர்களா?' என்று பணிவாகக் கேட்பார்கள். பதில் போட்டால் அந்தப் பெயர்களை எல்லாம் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பதிலே போடாமல் விடுங்கள்.

நான்காவதுதான் ஆபத்தானது. உங்கள் ரெஜிஸ்ட்ராரின் லோகோவோடு வரும் அசல் போன்ற போலிப் பக்கம். அதற்குப் பணம் மட்டும் போதாது, உங்கள் பாஸ்வேர்டும் வேண்டும்.

'என் காலாவதித் தேதி அவர்களுக்கு எப்படித் தெரியும்?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது பொதுத் தகவல். 2018 வரை பெரும்பாலான டாட் காம் உரிமையாளர்களின் பெயர், முகவரி, மின்னஞ்சல்கூட ஹூஈஸ் என்ற பட்டியலில் எல்லோருக்கும் தெரிந்தது. அதன்பிறகு பெயரும் முகவரியும் பெரும்பாலும் மறைக்கப்பட்டன. காலாவதித் தேதியும் ரெஜிஸ்ட்ரார் பெயரும் இன்றைக்கும் வெளிப்படைதான். மின்னஞ்சல் முகவரியை உங்கள் வெப்சைட்டின் தொடர்புப் பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். அதனால் தேதி சரியாக இருப்பதை வைத்து ஒரு நோட்டீஸை நம்பாதீர்கள்.

நோட்டீஸ் வந்திருக்கிறது, இன்னும் கட்டவில்லை

முதலில், அதில் உள்ள எந்த இணைப்பையும் தொடாதீர்கள். கடிதமாக வந்தால் அதில் அச்சிட்டிருக்கும் போன் நம்பருக்கு அழைக்காதீர்கள்.

அடுத்து, டொமைன் விவரம் தேடித் தரும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்துக்குப் போய் உங்கள் டொமைன் பெயரைக் கொடுங்கள். டாட் இன் என்றால் நிக்ஸியின் ரெஜிஸ்ட்ரி பக்கத்தில் தேடுங்கள். இரண்டும் இலவசம். வரும் பட்டியலில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள்: ரெஜிஸ்ட்ரார் யார், காலாவதித் தேதி என்ன, ஸ்டேட்டஸ் வரிசையில் 'ட்ரான்ஸ்ஃபர் ப்ரொஹிபிடட்' என்று இருக்கிறதா. கடைசி வரி இருந்தால் டொமைன் பூட்டியிருக்கிறது, நல்லது.

இங்கே ஒரு குழப்பம் வரும். உங்களுக்குத் தெரிந்த ஹோஸ்டிங் கம்பெனி ஒன்றாக இருக்கும், பட்டியலில் உள்ள ரெஜிஸ்ட்ரார் பெயர் வேறாக இருக்கும். பயப்பட வேண்டாம்; உங்கள் கம்பெனி ரீசெல்லராக இருந்தால் அப்படித்தான் வரும். முதல் வருடம் பணம் கட்டிய இன்வாய்ஸைத் தேடி எடுங்கள். அதில் இருக்கும் கம்பெனிதான் உங்கள் கம்பெனி. பட்டியலிலும் பழைய இன்வாய்ஸிலும் இல்லாத ஒரு பெயரில் நோட்டீஸ் வந்திருந்தால், அது உங்கள் புதுப்பித்தல் இல்லை.

மூன்றாவதாக, அந்தக் கம்பெனியின் முகவரியை உலாவியில் உங்கள் கையாலேயே டைப் செய்து உள்ளே போங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் அங்கேயே தெரியும், அங்கேயே கட்டிவிடலாம். வேலை முடிந்தது.

இவ்வளவுக்கும் பிறகு சந்தேகம் இருந்தால் பொடி எழுத்தைப் படியுங்கள். 'திஸ் இஸ் நாட் எ பில்', 'சொலிசிடேஷன்', 'ட்ரான்ஸ்ஃபர்', 'லிஸ்டிங்', 'சப்மிஷன்' போன்ற சொற்களில் ஒன்று கண்ணில் பட்டாலே போதும், விட்டுவிடலாம். தொகையையும் பாருங்கள். டாட் காம் ஒரு வருடத்துக்கு ரெஜிஸ்ட்ராரிடம் வெரிசைன் வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. அதன் மேல் லாபமும் வரியும் சேர்த்துச் சில்லறை விலை வரும். ஒரு வருடத்துக்கு அதைப்போல் ஏழெட்டு மடங்கு கேட்டால் நிதானியுங்கள்.

கட்டிவிட்டீர்களா? முதலில் பணம்

வெட்கப்பட்டு ஒரு நாள் சும்மா இருந்துவிடாதீர்கள். அந்த ஒரு நாள்தான் மிக மதிப்புள்ளது.

உடனே 1930-க்கு அழையுங்கள். இது நாடு முழுவதுக்குமான சைபர் நிதி மோசடி உதவி எண். யுபிஐ, நெட்பேங்கிங் வழியாக உள்நாட்டுக் கணக்குக்குப் பணம் போயிருந்தால், அது அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

கார்டில் கட்டியிருந்தால் வங்கியை அழைத்து அந்தக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். பல வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்க முடிகிறது; ஒரு முறை கொடுத்த எண்ணை வைத்து மறுபடியும் எடுப்பார்கள். அப்புறம் எழுத்தில் 'டிஸ்ப்யூட்' (ஆட்சேபம்) கொடுத்து, கட்டிய பணத்தைக் கார்டுக்கே திருப்பித் தரும் சார்ஜ்பேக் கேளுங்கள். வங்கிக்காரர் "நீங்களே ஓகே பண்ணித்தானே கட்டினீங்க" என்பார். அவர் சொல்வதிலும் பாதி நியாயம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதி, நீங்கள் அறியாமல் போன பணத்துக்கு. மூன்றாமவர் செய்த அப்படிப்பட்ட மோசடியை 3 வேலை நாளுக்குள் சொன்னால் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. நீங்களே ஒப்புதல் கொடுத்த முதல் தொகைக்கு அது பொருந்தாது. உங்களைக் கேட்காமல் இரண்டாம் முறை எடுத்த தொகைக்குப் பொருந்தும். முதல் தொகைக்கான காரணத்தை வேறு விதமாக எழுதுங்கள்: 'டொமைன் புதுப்பித்தல் என்று சொல்லிப் பணம் வாங்கினார்கள். அந்தச் சேவை வழங்கப்படவில்லை. என் டொமைனின் ரெஜிஸ்ட்ராரும் காலாவதித் தேதியும் மாறவில்லை என்பதற்குச் சான்று இணைத்துள்ளேன்.' லுக்அப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டைச் சேர்த்துக் கொடுங்கள். ஏமாற்றியவர் வெளிநாட்டில் இருக்கும்போது பணம் திரும்பக் கிடைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல வழி இல்லை.

வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது.

அடுத்து டொமைன்

அன்றைக்கே உங்கள் உண்மையான ரெஜிஸ்ட்ராரிடம் போய்ப் புதுப்பித்துவிடுங்கள். இதை மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் பணத்தைத் துரத்தும் பரபரப்பில் இது விட்டுப்போகிறது. காலாவதியாகிவிட்டாலும் மனம் தளராதீர்கள். ரெஜிஸ்ட்ராரைப் பொறுத்துச் சில வாரம் பழைய விலைக்கே புதுப்பிக்க முடியும். ரெஜிஸ்ட்ரார் டொமைனை நீக்கிய பிறகும், டாட் காம் போன்றவற்றுக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கட்டணம் பல மடங்கு. சிவகாசி நண்பர் அப்படித்தான் மீட்டார்.

பணத்தோடு 'ஆத் கோடு' எதையும் கேட்டு வாங்கினார்களா என்று யோசித்துப் பாருங்கள். இப்போது டொமைனை ஒரு ரெஜிஸ்ட்ராரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்ற அந்தக் கோடு வேண்டும். கொடுத்திருந்தால், பழைய ரெஜிஸ்ட்ராரிடமிருந்து 'மாற்றக் கோரிக்கை வந்துள்ளது' என்று மெயில் வரும். மறுப்பு வராவிட்டால் 5 நாளில் மாற்றம் தானாக நடந்துவிடும். அதற்குள் 'எனக்குச் சம்மதம் இல்லை, நிராகரியுங்கள்' என்று பதில் எழுதுங்கள், டொமைனைப் பூட்டுங்கள், கோடை மாற்றுங்கள். ஏற்கெனவே மாறிவிட்டிருந்தால், விதியை மீறி நடந்த மாற்றத்தை எதிர்த்து முறையிட ஐகானில் தனி நடைமுறை உண்டு. கால வரம்பு 12 மாதம். அதை உங்களால் நேரடியாகத் தொடங்க முடியாது, பழைய ரெஜிஸ்ட்ரார்தான் தொடங்க வேண்டும். அதனால் அவர்களை விடாமல் கேளுங்கள்.

போலிப் பக்கத்தில் பாஸ்வேர்டு கொடுத்திருந்தால் ரெஜிஸ்ட்ரார் கணக்கின் பாஸ்வேர்டையும், அதோடு இணைந்த மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் மாற்றி, இரண்டுக்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள்.

சட்டம் எதுவரை கை கொடுக்கும்?

ஆதாரத்தைச் சேர்ப்பதிலிருந்து தொடங்குவோம். மெயிலை அழிக்காதீர்கள், ஃபார்வர்டு செய்ததை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அசல் மெயிலை, அது எங்கிருந்து எந்த வழியாக வந்தது என்று காட்டும் முழு ஹெட்டரோடு இறக்கி வையுங்கள். கடிதமென்றால் உறையும் வேண்டும். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். அதைத் தயாரிக்க வக்கீல் உதவுவார்.

காவல்துறைப் புகாரை மத்திய அரசின் சைபர் கிரைம் தளத்தில் பதியலாம், அல்லது உங்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் நேரில் கொடுக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318-ஆம் பிரிவு. ஏமாற்றிப் பொருளையோ பணத்தையோ கொடுக்க வைத்தால் 7 ஆண்டு வரை சிறை. வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்கு 319. அதையே கணினி வழியாகச் செய்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு. 3 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 'இது எங்க எல்லையில வராது' என்று திருப்பி அனுப்பினால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவைச் சொல்லுங்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது அது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். உங்கள் ரெஜிஸ்ட்ராராகவே நடித்த நான்காவது வேடத்துக்கு இந்தப் பிரிவுகள் நேராகப் பொருந்தும். பொடி எழுத்தில் உண்மையை எழுதிவிட்டுப் பெரிய எழுத்தில் ஏமாற்றும் முதல் இரண்டு வேடங்களுக்குக் காவல் நிலையத்தில் 'இது சிவில் விவகாரம்' என்ற பதில் வரலாம். அங்கேதான் நுகர்வோர் சட்டம் தேவைப்படுகிறது.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, நேர்மையற்ற வணிக முறைகளையும் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களையும் தனியாகவே கையாள்கிறது. 2023 நவம்பரில் வெளியான 'டார்க் பேட்டர்ன்' வழிகாட்டு நெறிகள் 13 தந்திரங்களைப் பட்டியலிடுகின்றன. இல்லாத அவசரத்தைக் காட்டுவதும், விளம்பரத்தை வேறு ஏதோ போல மறைத்துக் காட்டுவதும் அதில் உண்டு. நம் நோட்டீஸ் இரண்டையும் செய்கிறது. புகாரில் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. ஏமாற்றிய கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் ஆணையத்திலேயே கொடுக்கலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம், விசாரணைக்குக் காணொலி வழியாக வர அனுமதி கேட்கலாம். 'வியாபாரத்துக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை' என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துபவர் அதற்காக வாங்கிப் பயன்படுத்துவதை 'வணிக நோக்கம்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது எனச் சட்டமே விளக்கம் தருகிறது. உங்கள் மனுவின் முதல் பத்தியிலேயே, இது உங்கள் வாழ்வாதாரத் தொழில் என்று எழுதிவிடுங்கள்.

பாஸ்வேர்டு திருட்டில் பெரிய தொகை போயிருந்தால் இன்னொரு கதவும் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பச் செயலர் 5 கோடி ரூபாய் வரையிலான இழப்பீட்டுக் கோரிக்கைகளை விசாரிக்கலாம். 2010-இல் தமிழ்நாட்டில் அப்படி ஒரு வழக்கில், போலி மின்னஞ்சலால் பணம் இழந்தவருக்கு 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவானது.

நோட்டீஸ் அனுப்பியவர் அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ராராகவோ அவருடைய ரீசெல்லராகவோ இருந்தால் ஐகான் அமைப்பிலும் புகார் கொடுங்கள். ரெஜிஸ்ட்ரார்களோடு ஐகான் போட்ட 2013 ஒப்பந்தத்தில் டொமைன் உரிமையாளர்களின் உரிமைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஏமாற்று நோட்டீஸுக்கும் மறைமுகக் கட்டணத்துக்கும் நீங்கள் ஆளாகக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஐகான் பணத்தை வாங்கித் தராது. ஆனால் 2014-இல் நடந்ததைப் போல அங்கீகாரத்தில் கை வைக்க அதனால் முடியும்.

கனடா, அமெரிக்காவில் கடை நடத்தும் நம்மவர்களுக்கு இன்றும் தபாலில் இப்படிப்பட்ட கடிதம் வரலாம். கனடாவில் கனேடிய மோசடித் தடுப்பு மையத்திலும் போட்டிப் பணியகத்திலும், அமெரிக்காவில் எஃப்டிசியிலும் தபால் புலனாய்வுப் பிரிவிலும் புகார் கொடுக்கலாம். பில் போலத் தோன்றும் வணிகக் கடிதம், தான் பில் அல்ல என்று கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தபால் சட்டம்.

தம்பியிடம் கேட்க வேண்டியது

வெப்சைட் செய்து கொடுத்தவருக்கு இன்றைக்கே ஒரு செய்தி அனுப்புங்கள். எந்த ரெஜிஸ்ட்ரார், கணக்கு யார் பெயரில், அதில் எந்த மின்னஞ்சல், உரிமையாளர் இடத்தில் யார் பெயர் என்று கேளுங்கள். நான்குக்கும் பதில் எழுத்தில் வரட்டும். கணக்கு அவர் பெயரில் இருந்தால், உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறந்து டொமைனை அதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். ஒரே ரெஜிஸ்ட்ராருக்குள் மாற்றுவது பெரும்பாலும் சில நிமிட வேலை. அந்தக் கணக்குக்கு உங்கள் சொந்த டொமைனில் இயங்கும் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். டொமைன் நின்றால் அந்த மெயிலும் நின்றுவிடும், நினைவூட்டல் வராது. தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடுங்கள், கார்டு மாறும்போது அங்கேயும் மாற்றுங்கள். வெளிநாட்டுக்குப் பணம் கட்டும் தேவை இல்லாத நாட்களில் கார்டின் சர்வதேசப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பிலேயே அணைத்து வைக்கலாம்.

கடையில் பில் கட்டும் பொறுப்பு வேறு ஒருவரிடம் இருந்தால், உங்கள் ரெஜிஸ்ட்ரார் பெயரை ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் ஒட்டிவிடுங்கள். சிவகாசி அச்சகத்தில் அது இப்போது கணக்குப்பிள்ளை மேசைக்கு மேலே, தினக் காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது.